கரணை ஒன்று, காடு வேறு

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடம். அண்ணன் தம்பி இருவருக்கும் அங்கேதான் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கினால் தம்பி நேராக வீட்டுக்குப் போவார். அண்ணன் கையில் இருப்பது ஞாயிறு மாலைக்குள் கரைந்துவிடும். யாராவது ஒரு சொல் கூடப் பேசிவிட்டால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணனுக்குக் கை முந்திக்கொள்ளும். அடித்து முடித்த பிறகு, "ஏன் அடிச்சேன்னே தெரியலீங்க" என்று தலையைத் தொங்கப்போடுவார். ஒரே தாய், ஒரே கூரை. இப்படி ஓர் இணையை அறியாத ஊர் கொங்கு நாட்டில் இருக்காது.

ஊர் இதற்கு இரண்டு விளக்கங்கள் வைத்திருக்கிறது. "அப்பனாட்டவே இருக்கறானுங்க, ரத்தத்துல வந்தது" என்பது ஒன்று. "சின்னதுல அவன் வாங்குன அடி கொஞ்சமாங்க" என்பது மற்றது. திண்ணைப் பேச்சில் இவை எதிரெதிர்க் கட்சிகள். ஆய்வாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டறிந்தது வேறு. பிறப்போடு வந்தது, பிள்ளைப்பருவத்தில் பட்டதன் வலிமையை ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. இரண்டையும் பிரித்துவைத்து "எது காரணம்" என்று கேட்டால் விடை கிடைக்காது.

கை முந்தும் நேரம்

பின்விளைவை நினைக்கும் முன்பே செயலில் இறங்கிவிடும் போக்கை உந்துநடத்தை எனலாம். வீட்டு வழக்கில் அவசரப்புத்தி. கோபத்தில் கை நீட்டுவது, கையில் காசு இருந்தால் செலவழித்தே தீர்வது, ஒரு மிடறு என்று தொடங்கி நிறுத்த முடியாமல் போவது, எதிரே லாரி வருவது தெரிந்தும் முந்துவது எல்லாம் இதன் முகங்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது முன்மூளைப் புறணி. "பொறு" என்று தடுப்பது இதன் வேலைகளில் ஒன்று. மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டதும் உடலை உசுப்புவது அது. உசுப்பும் பகுதி சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. தடுக்கும் பகுதி முழுமை பெற இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது. பதினாறு வயதுப் பையன்கள் பைக்கை முறுக்குவதில் வியப்பில்லை. வியப்பு, முப்பத்தைந்து வயதிலும் சிலருக்கு அந்தத் தடை பிடிக்காமல் இருப்பதுதான்.

இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி ஒற்றுமைதான். இந்த இருவகையினரையும் ஒப்பிட்டால், மக்களிடையே காணும் அவசரப்புத்தியின் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு மரபணு வேறுபாடே காரணம் என்று வருகிறது. இதை வாசித்துவிட்டு "என் கோபத்தில் பாதி அப்பாவுடையது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது அந்தக் கணக்கு. ஒரு தனி மனிதரை அது பங்கு போடுவதில்லை. போட முடியாததற்கான காரணத்தைக் கோயம்புத்தூரிலேயே காணலாம்.

வீரகேரளத்துப் பாடம்

கோவை வீரகேரளத்தில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கப்பட்டது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இங்கே கரும்பையும் நாணல் போன்ற ஒரு காட்டுப் புல்லையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம், 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அந்தப் புல்லின் உறுதி உள்ளே போனதால் வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் கரும்பு கிடைத்தது. இந்த நிலையத்தை வைக்கக் கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. இங்கே கரும்பு தாராளமாகப் பூக்கும், விதை பிடிக்கும். வடக்கே கொண்டுபோனால் அதே கரும்பு பெரும்பாலும் பூப்பதில்லை. பூத்தாலும் முளைக்கும் விதை அரிது. பூக்கும் திறன் செடிக்குள் இருக்கிறது. அதைத் திறப்பதும் மூடுவதும் ஊரின் பகல் நீளமும் தட்பவெப்பமும்.

கரும்பை உழவர் யாரும் விதையிட்டு வளர்ப்பதில்லை, கரும்புத் துண்டான கரணையைத்தான் நடுகிறார்கள். ஆகவே கோ 86032 ரகம் நட்ட காட்டில் உள்ள கரும்பு அத்தனையும் மரபணு அளவில் ஒரே செடி. ஒருகரு இரட்டையர் மாதிரி. கவுந்தப்பாடியில் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த காட்டில் அது ஒரு மாதிரி நிற்கும், கிணறு வற்றிய மேட்டுக்காட்டில் வேறு மாதிரி நிற்கும். இது எல்லோரும் அறிந்தது. கவனிக்க வேண்டியது அடுத்த படி. இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கும் ஆண்டில் இரண்டும் ஒரே உயரம். வறட்சி வந்தால் ஒன்று தாங்குகிறது, மற்றது காய்ந்து சாய்கிறது. நல்ல ஆண்டை மட்டும் பார்த்தவர் ரகத்தில் வித்தியாசமே இல்லை என்பார். வறட்சியை மட்டும் பார்த்தவர் எல்லாம் ரகத்தில்தான் என்பார்.

ஒரு மரபணு வேறுபாடு ஒரு சூழலில் மட்டும் வெளிப்பட்டு இன்னொரு சூழலில் மறைந்துவிடுவதை மரபு–சூழல் ஊடாட்டம் என்று சொல்லலாம். பயிரில் இதை நூறாண்டாகப் பார்த்துவருகிறோம். மனிதரின் கோபத்தில் இதைத் தேடத் துணிந்தது அண்மையில்தான்.

ஒரு டச்சுக் குடும்பம்

1978இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். அவர் குடும்பத்து ஆண்கள் பலர் அற்பக் காரணத்துக்கு வெறிகொண்டு தாக்குபவர்களாக இருந்தார்கள். சிலர் தீ வைத்தார்கள். அறிவுத்திறனும் அவர்களுக்குச் சற்றுக் குறைவு. பெண்களுக்கு எதுவுமில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1993இல், ஹான் புருன்னர் என்ற மரபியலாளரும் அவர் குழுவும் காரணத்தைக் கண்டார்கள்: ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை.

அந்த மரபணு எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதியை உண்டாக்குவது. செரோட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் நரம்பு செல்களுக்கிடையே செய்தி சுமப்பவை. வேலை முடிந்ததும் அவற்றை உடைத்து அகற்றுவது இந்த நொதி. அந்த ஆண்களிடம் அது அறவே இயங்கவில்லை. இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றது ஈடுகட்டும். ஆணுக்கு ஒன்றே ஒன்று.

இப்படி முழுவதும் செயலிழப்பது உலகில் மிக அரிது. ஆனால் இதே மரபணுவின் முகப்பில் ஒரு சாதாரண வேறுபாடு உண்டு. சிலரிடம் நொதி நிறையச் சுரக்கும், சிலரிடம் குறைவாக. குறைவாகச் சுரக்கும் வகை நோயல்ல. ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் அதைச் சுமக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைதியாக வாழ்பவர்கள். ஏன் அமைதி? இந்தக் கேள்விக்குத்தான் நியூசிலாந்து விடை தந்தது.

டுனீடின் நகரின் 442 பேர்

டுனீடின் என்பது நியூசிலாந்தின் தெற்கில் ஒரு துறைமுக நகரம். 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். இவர்கள் குற்றவாளிகள் என்றோ நோயாளிகள் என்றோ தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், ஓர் ஊரில் ஓராண்டில் பிறந்த பிள்ளைகள். அவர்களுக்கு 26 வயதானபோதும், உயிரோடிருந்தவர்களில் 96 விழுக்காட்டினர் ஆய்வில் நீடித்தார்கள். இந்தப் பொறுமைக்காகவே அந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவர்களில் 442 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் பிள்ளைப்பருவத்தைக் கணக்கிட்டார்கள். மூன்று வயதில் தாய் அவனை வெறுத்து ஒதுக்கியதை நேரில் பார்த்த குறிப்பு உண்டா? கடுமையாக அடித்து வளர்த்தார்களா? வளர்த்தவர்கள் திரும்பத் திரும்ப மாறினார்களா? உடல் கொடுமை, பாலியல் கொடுமை நேர்ந்ததா? 64 விழுக்காட்டினருக்கு இவற்றில் எதுவுமில்லை. 28 விழுக்காட்டினருக்கு ஓரளவு. 8 விழுக்காட்டினர் கடுங்கொடுமைக்கு ஆளானவர்கள்.

பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். நொதி குறைவாகச் சுரப்பவர் 163 பேர், நிறையச் சுரப்பவர் 279 பேர்.

இனிக் கணக்கு. கொடுமை எதையும் காணாத பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நொதி குறைந்தவர் நிறைந்தவரைவிட வன்முறையில் கூடுதலாக இறங்கவில்லை. தண்ணீர் பாய்ந்த காட்டில் இரண்டு ரகமும் ஒரே உயரம். கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் கோடுகள் பிரிந்தன. நொதி நிறைந்த பையன்களைக் கொடுமை பாதித்தது, ஆனால் மிதமாக. நொதி குறைந்த பையன்களை அது ஆழமாகப் பாதித்தது. குறைந்த நொதியும் கொடுமையும் சேர்ந்து வாய்த்தவர்கள் 55 பேர், அதாவது மொத்தத்தில் 12 விழுக்காடு. 442 பேரும் சேர்ந்து வாங்கிய வன்முறைத் தண்டனைகளில் 44 விழுக்காடு இவர்கள் பெயரில் இருந்தது.

ஒரு சந்தேகம் எழும். அந்த மரபணு பையனை அடங்காதவனாக்கி, அதனாலேயே அவன் அடிவாங்கினானோ? காஸ்பி குழு அதையும் சோதித்தது. எந்தவகை மரபணு உள்ளவன் என்பதற்கும் கொடுமைக்கு ஆளானதற்கும் தொடர்பில்லை. 2004இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரட்டையர்களிடம் சாரா ஜாஃபி குழு செய்த ஆய்வு இதை இன்னும் துலக்கியது. அன்றாடம் முதுகில் வைக்கும் அடியில் பிள்ளையின் பிறவிச் சுபாவத்துக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. காயம் வரும் கொடுமையில் அந்தப் பங்கு இல்லை. அந்தக் கொடுமைக்கு முழுப் பொறுப்பு பெரியவர்கள்தான். "அவன் பண்ற சேட்டைக்கு வேற என்னங்க பண்றது" என்ற பேச்சுக்கு அறிவியலில் இடமில்லை.

ஒரு மரபணு போதுமா?

2002 ஆகஸ்டில் காஸ்பியின் ஆய்வு வெளியானபின் செய்தித்தாள்கள் "போர்வீர மரபணு" போன்ற பெயர்களைச் சூட்டத் தொடங்கின. இத்தாலியில் 2009இல் ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டில் இந்த மரபணுவும் பேசப்பட்டு ஓராண்டுத் தண்டனை குறைந்தது. ஆய்வு சொன்னதைவிட உலகம் வெகுதூரம் ஓடிவிட்டது.

பிறகு நிதானம் வந்தது. 2014இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண்களிடம் காஸ்பியின் முடிவு தாங்கியது. பெண்களிடம் அதே கோலம் தெளிவாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய திருத்தம் 2021இல் வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மரபணுக்களை மொத்தமாகத் துழாவிய ஆய்வு, போதைப் பழக்கம், அடக்கமின்மை, துணிந்து இறங்கும் போக்கு ஆகியவற்றோடு தொடர்புள்ள 579 மரபணு இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. ஆக அவசரப்புத்திக்கென்று தனி மரபணு கிடையாது. எம்.ஏ.ஓ.ஏ. கதையின் மதிப்பு, ஊடாட்டம் எப்படி இயங்கக்கூடும் என்பதை அது காட்டியதில் இருக்கிறது. அந்த 15 லட்சம் பேரும் ஐரோப்பிய வழியினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்சில் மாதிரியை அனுப்பினால் உங்கள் பிள்ளையின் குணத்தைச் சொல்லிவிடுகிறோம் என்று எவராவது விளம்பரம் செய்தால் பணத்தை அங்கே கொட்டாதீர்கள்.

அடி உள்ளே போகும் வழி

பிள்ளையை அச்சுறுத்தும்போது கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. ஆபத்து போனதும் இறங்க வேண்டும். அப்பா எப்போது குடித்துவிட்டு வருவார் என்று தினமும் கதவைப் பார்த்தபடி இருக்கும் குழந்தைக்கு அது இறங்க நேரம் கிடைப்பதில்லை. நெடுங்கால அழுத்தம் அமிக்டலாவைக் கூர்மையாக்குகிறது, முன்மூளைப் புறணியின் பிடியைத் தளர்த்துகிறது. அந்த வீட்டில் அந்தக் கூர்மை தேவைப்பட்டது. காலடி ஓசையிலேயே ஆபத்தை அறிந்து ஓடுகிற பிள்ளைதான் அடியிலிருந்து தப்பினான். வளர்ந்தபின், தறிக்கூடத்தில் ஒருவர் குரலை உயர்த்தினாலும் அதே எச்சரிக்கை மணி அடிக்கிறது. கை முந்திக்கொள்கிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு எலிகளிடம் இதன் வேதிச்சுவட்டையே கண்டது. குட்டிகளை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாய் உண்டு, குறைவாக நக்கும் தாய் உண்டு. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அழுத்தத்திலிருந்து சீக்கிரம் மீண்டன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் விட்டால் அது வளர்ப்புத் தாயின் வழியில் போனது. 2004இல் வெளியான முடிவின்படி, அழுத்தத்தைத் தணிக்கும் மரபணு ஒன்றின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் கூடியும் குறைந்தும் இருந்தன. எழுத்து மாறவில்லை, அந்த எழுத்து எவ்வளவு வாசிக்கப்படும் என்பது மாறியது. இதை மேல்மரபியல் என்கிறார்கள். மனிதரிடம் இத்தனை நேராக இன்னும் நிறுவப்படவில்லை.

திம்பம் மலைக்கு அப்பால்

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள், நம் பிள்ளைகள்? சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி அப்புறம் இறங்கினால் மைசூரு. அங்குள்ள சி.எஸ்.ஐ. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997–98இல் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த தாய்மாரின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்கிறார்கள். அந்தக் குழுவும் சேர்ந்ததுதான், பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையின் விவேக் பெனகல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் குந்தர் ஷூமன் ஆகியோர் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த பெரிய ஆய்வு. 6 முதல் 23 வயது வரை 9,000 பேர். சண்டிகரும் இம்பாலும் கொல்கத்தாவும் ரிஷி பள்ளத்தாக்கும் அதில் உண்டு. மரபணு, மூளைப் படம், வீட்டில் பட்ட துன்பம், ஊட்டக்குறைவு, ஈயம், ஆர்சனிக் போன்ற நஞ்சுகள் என்று எல்லாவற்றையும் ஒரே பிள்ளையிடம் சேர்த்துப் பார்த்தார்கள். அடங்காமையும் போதைப் பழக்கமும் எப்படி உருவாகின்றன என்பதே அவர்கள் கேள்வி. அந்த ஏழு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை.

இது பெரிய குறை என்பது என் கருத்து. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் படும் துன்பத்துக்குத் தனி முகங்கள் உண்டு. திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நம்பி ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். கடன் முன்பணம் வாங்கித் தறியோடு கட்டுண்ட பெற்றோரின் பிள்ளைகள். மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற சுமங்கலித் திட்டத்தை நம்பிப் பதினான்கு, பதினைந்து வயதில் நூற்பாலை விடுதிகளுக்குப் போன பெண்கள். மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது மூன்றில் இருவர் உடல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கேரளமும் ஆந்திரமும் அந்தப் பட்டியலில் இருந்தன. தமிழ்நாடு அதிலும் இல்லை. கோவையில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஓராண்டில் இங்கே பிறக்கும் பிள்ளைகளை டுனீடின் போல முப்பது ஆண்டு பொறுமையோடு தொடர ஓர் ஆய்வு தொடங்கப்பட வேண்டும்.

ரத்தத்தின் மேல் எழுதிய சட்டம்

அப்படித் தொடங்குகிறவர்கள் ஒரு பழைய அநீதியை மறக்கக் கூடாது. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களில் பிறந்ததே குற்றம் என்றது அது. ஆண்கள் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களில் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது. மரபணு ஆய்வு ஒரு சாதியின் "குணத்தை" நிரூபிப்பதாக எவர் சொன்னாலும் அது பொய். மேலே கண்ட ஆய்வுகள் எல்லாம் ஒரே சமூகத்துக்குள், ஒரே ஊருக்குள், ஏன் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பேசுபவை.

கையில் இருப்பது

அமெரிக்காவின் வட கரோலினா மலைகளில் ஜேன் காஸ்டெல்லோ குழு 1,420 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தது. 1996இல் அங்குள்ள செரோக்கி பழங்குடியினர் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள்; அதன் லாபத்தில் பங்கு அந்தப் பழங்குடியினர் ஒவ்வொருவர் பெயரிலும் போனது. பல குடும்பங்கள் வறுமையிலிருந்து ஏறின. 2003இல் வந்த முடிவு இது: ஏறிய வீட்டுப் பிள்ளைகளிடம் அடங்காமையும் சண்டையும் குறைந்து, வறுமையே காணாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. அந்தக் குழந்தைகளின் மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

நம் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. அது வீட்டுப் பிள்ளைகளின் நடத்தையில் என்ன செய்கிறது என்பதை அளந்து பார்ப்பது இங்குள்ள பல்கலைக்கழகங்களின் கடமை.

"அடிச்சு வளத்தாத்தான் உருப்படுவான்" என்று நம்புகிற பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்று. எந்தப் பிள்ளை அடியைத் தாங்குவான், எவன் சாய்வான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது, எந்த மரபணுச் சோதனையும் இன்று சொல்லாது. அதனால் எந்தப் பிள்ளையையும் அடிக்காதீர்கள். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை கொடுமைப்படுவது தெரிந்தால் 1098க்குச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.